பதினேழாம் வீட்டின் காரணம்

கன்று நடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, கையேடு இருக்கிறது, நீங்கள் எல்லாரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். குழியின் ஆழத்தில் நான் தப்புச் செய்ததே கிடையாது. நான் செய்த பெரிய தப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய ஒரே ஒரு வரி. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் சொல்கிறேன். இன்னும் கெட்டுப்போக நேரம் இருக்கிறது உங்களுக்கு.

எண்பதுகளின் தொடக்கம். ஊர்ப்புறங்களில் மரம் வளர்க்கும் திட்டம் புதிதாக வந்திருந்தது. வனத்துறையில் என்னைத் தற்காலிகப் பணியாளனாகத் திருவண்ணாமலையில் போட்டார்கள். வயது இருபத்தாறு. அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்திருந்தேன். அந்த ஊருக்குச் சாமியார்களைத் தவிர வேறு யாரும் தனியாக வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மொட்டை போட்ட பிள்ளையோடு, கட்டுச்சோற்று மூட்டையோடு, அத்தை, சித்தப்பா என்று கூட்டமாகத்தான் வருவார்கள். பக்கத்து அறையில் ராத்திரி சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். காலையில் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் வேறு குடும்பம். ஹோட்டலில் நுழைகிறவர்களிடம் எல்லாம் "எத்தினி பேருங்க?" என்று கேட்கிற சர்வர், நாளடைவில் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். அது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. ஒருவிதத்தில், கேட்டால் தேவலை என்றும் இருந்தது.

ஊர் ஓரத்தில் ஒரு சின்னச் சிறை இருந்தது. பெரிய குற்றவாளிகள் இல்லை. வரப்புச் சண்டை, கள்ளச்சாராயம், கோழித் திருட்டு என்று விசாரணைக்குக் காத்திருக்கிற நாற்பது பேர். சிறைக்கு மேற்கே, மலைப் பக்கமாக, மேட்டில் புதிதாக ஒரு தெரு முளைத்திருந்தது. ஒரே வரிசையில் பதினேழு வீடுகள். எல்லா வீட்டு வாசலும் சிறையைப் பார்த்தபடி, எல்லா வீட்டு முதுகும் மலையைப் பார்த்தபடி. மாடியில் ஏறி நின்றால் சிறையின் முற்றத்தில் நடமாடுகிறவர்கள் தெரிவார்கள்.

அந்தத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். சிறைச் சுவரை ஒட்டி மரமும் செடியும் வைத்து அதை மறைக்க வேண்டும் என்று. வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டு எழுதி வா என்று எங்கள் ரேஞ்சர் என்னை அனுப்பினார்.

மனுவை முன்நின்று எழுதியவர் மல்லாக்கொட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த தணிகாசலம். அவர் பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"எம் பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம். வந்தவங்க காப்பிய வாயில வக்கிறதுக்கு முன்னாடி, எதிர்ல இன்னா கட்டடம்னு கேக்கறாங்க. ஜெயிலுன்னு சொன்னா காப்பி அப்படியே நிக்குது. ரெண்டு சம்பந்தம் போச்சுங்க. நீங்க மரத்த வைங்க, மீதிய நா பாத்துக்கறேன்."

எங்கள் முறை எளிமையானது. மரம் வரப்போகிற இடத்தில் முனுசாமி என்கிற எங்கள் ஆள் ஒரு நீண்ட மூங்கிலைப் பிடித்து நிற்பார். மூங்கிலின் நுனியில் சிவப்புத் துணி. நான் அந்தந்த வீட்டு மாடியில் வீட்டுக்காரரோடு நிற்பேன். எவ்வளவு உயரம் வந்தால் சிறை மறையும் என்று அவர் சொல்ல வேண்டும். எல்லாரும் "தூக்கு, இன்னும் தூக்கு" என்றார்கள். ஒருவர் பூமரம் கேட்டார். ஒருவர் பாம்பு வரும் என்று பயந்தார், ஆனால் மரம் வேண்டும் என்றார். இன்னொருவர், வைப்பதுதான் வைக்கிறீர்கள், மாமரமாக வையுங்களேன் என்றார். திருடன் ஒளிந்துகொள்வானே என்று கேட்ட அம்மாளிடம், திருடர்கள் ஏற்கெனவே உள்ளேதானே இருக்கிறார்கள் என்று அவர் வீட்டுக்காரரே பதில் சொல்லிவிட்டார். பதினாறு வீட்டிலும் சம்மதம். பதினாறு கையெழுத்து.

பதினேழாவது, தெருவின் கோடி வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அங்கே இருந்தார். தெருவில் நர்ஸம்மா என்பார்கள். அறுபதை நெருங்கிய வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாடிக்குக் கூட்டிப்போனார். கொடியில் ஒரே ஒரு புடவை, ஒரே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. முனுசாமி மூங்கிலைத் தூக்கினார்.

"எறக்கச் சொல்லு தம்பி" என்றார் நர்ஸம்மா. "எனக்கு மரம் வாணாம்."

சொந்தக்காரர் யாராவது உள்ளே இருப்பார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"உள்ளயும் எனக்கு யாரும் இல்ல, வெளியயும் யாரும் இல்ல. காரணம் கேக்கறியா, சொல்றேன், எழுதிக்கோ. சாயங்காலம் அடைக்கறதுக்கு முன்னாடி அவுங்கள முத்தத்துல வுடுவாங்க. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி கொஞ்ச நேரம் நிப்பாங்க. மலையப் பாக்கறதுக்கு. அவுங்களுக்கும் மல உச்சிக்கும் எங்கூடு நேரா நடுவுல இருக்குது. அவுங்க திரும்பறது மலைக்குத்தான், எனக்கில்லன்னு தெரியாம இல்ல. ஆனா அத்தினி மூஞ்சி எம் பக்கமா திரும்புதே. இந்த ஊர்ல வேற யாரு திரும்பறாங்க, சொல்லு. நா அந்த நேரத்துக்குத்தான் துணி எடுக்க மேல வருவேன்."

என் பேனா நின்றுவிட்டது. இந்த நோட்டு ரேஞ்சரிடம் போகும், அங்கிருந்து வேறு அலுவலகம் போகும், எப்படியும் தெருவுக்குத் திரும்பி வரும். தனியாக இருக்கிற ஒரு பெண்பிள்ளை ஜெயில் ஆண்களைப் பார்க்க மாடிக்கு வருகிறாள் என்று ஊர் எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தைகளை என் கையால் எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஹோட்டல் சர்வர் என்னைப் பார்த்து "வாங்க" என்று சொல்வதற்காக, பசி இல்லாத நாளிலும் அங்கே போய் உட்கார்ந்தவன் நான். அந்த அம்மா பேசியது என்னைப் பற்றி மாதிரியே இருந்தது.

நோட்டில் எழுதினேன்: "வீடு எண் பதினேழு. ஆட்சேபம். காரணம் ஏதும் கூறவில்லை."

"எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேங்க" என்றேன். கையெழுத்துப் போடும்போது அவர் படித்துப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

மழைக்காலத்தில் நட்டோம். சுவரிலிருந்து பத்து கஜம் தள்ளி மூன்று வரிசை சவுக்கு. சீக்கிரம் வளரும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கீழே மறைப்புக்கு நொச்சியும், ஆடு தின்னாத ஆடாதொடையும். நன்றாக வளர்ந்தது. முதல் வருஷம் இடுப்புக்கு வந்தது, இரண்டாம் வருஷம் சுவரைத் தாண்டியது, மூன்றாம் வருஷ மழைக்குப் பிறகு ஒரே பச்சைச் சுவராக அடைத்துக்கொண்டது. தணிகாசலம் என்னைக் கூப்பிட்டு வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கும் பெருமைதான். நிரந்தர வேலைக்கு என் பெயர் போயிருந்தது.

நர்ஸம்மாவைத் தெருவில் சில தடவை பார்த்தேன். "நல்லா இருக்கியா தம்பி?" என்று மட்டும் கேட்பார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் சைக்கிளை நிறுத்தியதில்லை.

அந்த மூன்றாம் வருஷம் கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் நாலரை மணி இருக்கும். நாற்றங்காலில் இருந்தேன். சிறை வார்டர் ஒருவர் சைக்கிளில் வேர்த்து விறுவிறுக்க வந்தார்.

"எங்க சார் உங்கள ஒடனே கூப்புடறாரு. உங்க மரத்தால வந்த வெனைங்க."

முனுசாமியையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சிறைக்குள் கால் வைத்தேன். மூன்று வருஷம் அதன் சுவருக்கு வெளியே வேலை செய்தவன், உள்ளே ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

முற்றத்தில் நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லை. தீபத்தன்று அந்த ஊரில் பலரும் காலையிலிருந்து விரதம் இருப்பார்கள், மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் சாப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சிறைக்குள் இருந்தவர்களும் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தானே. அவர்களும் விரதம். வழக்கமாகத் தீபம் பார்த்த பிறகுதான் அன்றைக்கு அறைகளை அடைப்பார்கள். சாராயக் கேஸில் வருஷம் தவறாமல் உள்ளே வருகிற கீழ்பென்னாத்தூர் ஆள் ஒருவர் எனக்கு விளக்கினார்.

"போன வருசம் மரத்துக்கு மேல கொஞ்சம் தெரிஞ்சுது சார். இந்த வருசம் சுத்தமா மறச்சிட்டீங்க. நாங்க இன்னா பண்ணோம் உங்கள?"

திரும்பிப் பார்த்தேன். மேற்கே மலை இல்லை. என் சவுக்குதான் இருந்தது.

சிறை அதிகாரி அந்த ஊருக்குப் புதிது. என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"தீபம் தெரியலன்னா தண்ணிகூட வாணாங்கறாங்க, உள்ளயும் போக மாட்டோம்ங்கறாங்க. அடிச்சு உள்ள தள்ளலாம். இன்னிக்கி எங்கையால அது வாணாம்னு பாக்கறேன். வெளிய கூட்டிட்டுப் போய்க் காட்ட எனக்கு அதிகாரம் இல்ல. மரம் உங்களது, அதத் தொடவும் எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க சொல்லுங்க."

அரசு நட்ட மரத்தை உத்தரவு இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நிரந்தர வேலை போகும், இருக்கிற வேலையும் போகலாம். உத்தரவு தரக்கூடியவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் கூட்டத்தில் இருந்தார்கள். ஆறு மணிக்குத் தீபம் ஏற்றிவிடுவார்கள், அதற்குள் யாரையும் பிடிக்க முடியாது. சுவரோரமாகப் போய் நின்று யோசித்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நழுவுவதற்கு வழி இருந்தது, அதையும் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பேரும் மேற்கே திரும்பி, ஒன்றும் தெரியாத பச்சையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

வெட்டுவது என்று முடிவாயிற்று. எதை வெட்டுவது? உள்ளே இருந்து பார்த்தால் உச்சி எந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியாது. எல்லாவற்றையும் வெட்ட நேரமும் இல்லை, மனமும் இல்லை. அப்போதுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டது நினைவுக்கு வந்தது. எங்கூடு நேரா நடுவுல இருக்குது.

கோடி வீட்டுக்கு ஓடினேன். நர்ஸம்மா வாசலில் அகல் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு விரலை நீட்டினார்.

"அதோ, கவையா பிரிஞ்சிருக்குதே, அதுதான் மொதல்ல மறச்சுது. போன பங்குனியில. அதுக்கு இந்தாண்ட ரெண்டு, ஆடிக் காத்துல ஆடி ஆடி ஒண்ணாச் சேந்துச்சு. பின்வரிசையில வளஞ்சது ஒண்ணு. அப்பவும் அந்த மூலையில நாலு பேரு தெரிஞ்சாங்க. ஐப்பசி மழையில கடைசியா அந்த ரெண்டும் மூடிட்டுது. மொத்தம் ஆறு. அந்த ஆறு போதும், மத்தத வெட்டாத."

ஒவ்வொரு மரமாகத் தன் மேல் மூடியதை அவர் தினமும் துணி எடுக்கிற நேரத்தில் நின்று பார்த்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கி நீங்க சொன்னத நா எழுதலம்மா" என்றேன்.

"தெரியும்" என்றார். "எழுதியிருந்தா யாராச்சும் வந்து கேட்டிருப்பாங்கல்ல. மூணு வருசமா யாரும் கேக்கலயே. போ, நேரமாவுது."

முனுசாமி மாடியைப் பார்த்தபடி ஒவ்வொரு மரமாகத் தொட்டுக் காட்டினார். மேலிருந்து நர்ஸம்மா கையாட்ட ஆட்ட வெட்டினோம். நாலாவது மரம் விழுந்தபோது தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாரக் கேட்டு வெட்டறீங்க? நாளைக்கி பொண்ணு பாக்க வராங்க!"

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தீபம் பாக்காம எப்படிங்க சாப்புடறது?"

"அவுங்களும் சாப்புடலிங்க. உள்ளேருந்து தெரியல."

அவர் சுவரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திரும்பி மலையைப் பார்த்தார்.

"சரி, எங்கூட்டு எதிர்ல மட்டும் கை வக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, விழுந்த மரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

ஆறாவது மரம் விழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கோயில் பக்கமிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்ற சத்தம் எழுந்து ஊர் முழுக்கப் பரவியது. சிறைக்குள்ளிருந்தும் அதே சத்தம் வந்தது. முனுசாமி கையில் அரிவாளோடு மலையைப் பார்த்து நின்றார். தணிகாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மாடியைப் பார்த்தேன். ஊரே மலையைப் பார்த்து நின்ற அந்த நேரத்தில் நர்ஸம்மா ஒருவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, சிறைப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது முகமும் அந்த இடைவெளி வழியாக அவர் பக்கம் திரும்பியிருக்கும்.

மறுவாரம் எனக்கு மெமோ வந்தது. ரேஞ்சர் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கோபக்காரர் அவர், ஆனால் அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை.

"காரணம் கூறவில்லைன்னு எழுதியிருக்க. காரணம் இல்லாம ஒரு பொம்பள பதினாறு வீட்ட எதுத்துக்கினு நிப்பாளா? இன்னா சொன்னாங்க, சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அங்கேருந்து மலையப் பாப்பாங்கன்னு அந்தம்மா அன்னிக்கே சொல்லியிருக்காங்க. இத நா படிச்சிருந்தா அந்த எடத்துல சவுக்க வுட்டிருப்பனா? நமக்கு வேண்டிய தகவலத்தான் அவுங்க குடுத்திருக்காங்க. நீ அத அவுங்க வூட்டுக் கதன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்ட."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கருத்துக் கேட்கப் போனால் கேட்டதை எழுதுங்கள். யாருக்கு எது மானம், எது அவமானம் என்று தீர்மானிக்கிற வேலையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. எழுத முடியாமல் கை நின்றால், அது சொன்னவருடைய பிரச்சினையா, உங்களுடைய பிரச்சினையா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லை.

மெமோவுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நர்ஸம்மாவிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதலாமா என்று கேட்டேன். "அப்பவே எழுதிக்கோன்னுதானே சொன்னேன்" என்றார். அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதிப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "ஜெயில்ல இருக்கறவங்க" என்பதை அடித்துவிட்டு "எதிர்வீட்டுக்காரங்க" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எந்த அதிகாரியும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெருவும் ஒன்றும் பேசவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை.

எனக்கு நிரந்தர வேலை ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. தணிகாசலத்தின் பெண்ணுக்கு அந்தத் தையிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் எதிரே என்ன கட்டடம் என்று கேட்கவே இல்லையாம். தெருக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்றுதான் கேட்டார்களாம். ஆறு மரம் இருந்த இடத்தில் நொச்சி மட்டும் வைத்தேன். முழங்காலுக்கு மேல் வளரவிடாமல் முனுசாமி கழித்துவிடுவார்.

மாற்றல் உத்தரவு வந்து ஊரை விட்டுக் கிளம்பிய கடைசி நாள், மரங்களை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்து வாங்கச் சிறைக்குப் போனேன். சாயங்காலம். அதிகாரி கையெழுத்துப் போடும்வரை முற்றத்தில் நின்றேன். ஆட்களை வெளியே விட்டார்கள். எல்லாரும் மேற்கே திரும்பி நின்றார்கள். நானும் அவர்களோடு போய் நின்றேன். மரங்களுக்கு நடுவே மலை தெரிந்தது. அதற்குக் கீழே மாடியில் நர்ஸம்மா கொடியிலிருந்து புடவையை எடுத்தார். துண்டை எடுத்தார். பிறகு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தபடி நின்றார்.

மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் நான் எந்தத் தலை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்காகவே ஒருவன் திரும்பி நின்றதும் தெரிந்திருக்காது. வார்டர் வந்து தாளைக் கொடுக்கும்வரை நின்றேன்.